யெல்லோநைஃப் – இக்கலுயிட்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கனடாவின் வடபகுதியில் யெல்லோநைஃப் விமான நிலையத்துக்கும் இக்கலுயிட் விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தூரம் கணக்கிடும் ஓர் இணையதளம் 2,262 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்கிறது. உங்கள் தம்பிக்கு வந்திருக்கும் பயணத் திட்டத்தில் காலை 9 மணிக்குப் புறப்பட்டு மாலை 4.30க்குச் சேர்வதாக இருக்கிறது. திரும்பும் நாளில் காலை 10.30க்குப் புறப்பட்டு, பிற்பகல் 2.30க்கே வந்துவிடுகிறார். போவதற்கு ஏழரை மணி, வருவதற்கு நான்கு மணி, தளம் சொல்வது மூன்று மணி. இந்த மூன்றில் எதை நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

விமானங்களுக்குப் பயணத் திட்டமும் எரிபொருள் கணக்கும் போட்டுத் தரும் டிஸ்பாட்ச் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் கொடுத்த எண்களில் எதுவும் பிழையில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான விடை. தூரம் கல்வெட்டுப் போல உறுதியானது. பறக்கும் நேரம் ஒரு வரம்புக்குள் ஏறி இறங்குவது. தம்பி இக்கலுயிட்டில் எப்போது காலடி வைப்பார் என்பது இவை இரண்டையும்விட நெகிழ்வானது. இந்த வரிசையிலேயே போகலாம்.

தூரத்தைப் பொறுத்தவரை, பூமியை முழு உருண்டையாகக் கொண்டு கணக்கிட்டால் 2,262 கிலோமீட்டர் வரும். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,270 கிலோமீட்டர், அதாவது சுமார் 1,225 கடல் மைல். இரண்டு தளங்கள் எட்டுப் பத்து கிலோமீட்டர் வித்தியாசமாகச் சொன்னால் அதற்குக் காரணம் இதுதான். பயணிக்கு அந்த வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் இந்தத் தூரத்தை நம்ப மனம் வராது. யெல்லோநைஃப் ஏறத்தாழ 62.5 பாகை வடக்கிலும், இக்கலுயிட் 63.8 பாகை வடக்கிலும் இருக்கின்றன. நாம் அன்றாடம் பார்க்கும் இணைய வரைபடங்கள் அந்த உயரத்தில் நிலத்தை இரண்டு மடங்குக்கும் மேலாக இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுபவை. நிலநடுக்கோட்டில் ஒரு தீர்க்கரேகைப் பாகை 111 கிலோமீட்டர். 63 பாகை வடக்கில் அது 50 கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையே 46 பாகை இருப்பதால் திரையில் அது ஒரு கண்டத்தையே கடப்பதுபோலத் தெரிகிறது.

அதே வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் நீளம் நிஜத்தில் 2,320 கிலோமீட்டர். மிகக் குறுகிய வழி அதற்கு வடக்கே வில்லாக வளைந்து போகிறது. வீட்டில் உலக உருண்டை இருந்தால், இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே மேலே ஏறும். யெல்லோநைஃபிலிருந்து கிழக்கு-வடகிழக்காக, அதாவது வடக்கிலிருந்து வலப்பக்கமாக அளந்தால் 66 பாகைத் திசையில் கிளம்பும் அந்தப் பாதை, பேக்கர் லேக் ஊருக்குச் சற்று வடக்கே 65 பாகை வரை ஏறி, சௌத்தாம்ப்டன் தீவைக் கடந்து, பிறகு தெற்கே சாய்ந்து 107 பாகைத் திசையில் இக்கலுயிட்டை அடைகிறது. நேராகப் போகும் விமானம் நாற்பது பாகை திரும்பியிருக்கிறது என்பதை உள்ளே உட்கார்ந்திருப்பவர் உணரவே மாட்டார்.

இந்தப் பகுதியில் திசைகாட்டியை நம்பிப் போக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யெல்லோநைஃபில் முள் உண்மை வடக்கிலிருந்து கிழக்காக விலகி நிற்கும். இக்கலுயிட்டில் மேற்காக விலகி நிற்கும். இரண்டுக்கும் நடுவே போகப் போக அந்த விலகல் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கனடாவின் வடக்கு வான்பரப்பில் திசைகளைக் காந்த வடக்கை வைத்துச் சொல்வதில்லை, உண்மை வடக்கை வைத்தே சொல்கிறார்கள்.

இனி நேரம். தளம் சொன்ன மூன்று மணி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. போயிங் 737 போன்ற ஜெட் ஏறத்தாழ 430 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), அதாவது மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 1,225 கடல் மைலை 430ஆல் வகுத்தால் இரண்டு மணி ஐம்பது நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கொஞ்சம் கூட்டினால் மூன்று மணி நேரம். காற்றே இல்லாத ஒரு நாளில், இடையில் எங்கும் நிற்காமல், ஒரு ஜெட் பறந்தால் ஆகும் நேரம் இது. கணக்கு சரிதான். தம்பியின் டிக்கெட்டில் இருப்பது அந்தப் பயணம் இல்லை.

டிக்கெட்டில் அச்சாகும் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். யெல்லோநைஃப் மவுண்டன் நேரத்தில் இருக்கிறது, இக்கலுயிட் கிழக்கு நேரத்தில். இக்கலுயிட் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். கிழக்கே போகும்போது அந்த இரண்டு மணி பயணத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேற்கே வரும்போது பயணத்திலிருந்து கழிந்துவிடும். ஆகவே போகும்போது ஏழரையில் இரண்டு போக, உண்மையில் ஐந்தரை மணி நேரம். வரும்போது நான்கோடு இரண்டைக் கூட்டினால் ஆறு மணி நேரம். வியப்பாகத் தெரிந்த ஏழரைக்கும் நான்குக்கும் இடையிலான மூன்றரை மணி வித்தியாசம் அரை மணியாகச் சுருங்கிவிட்டது. அந்த அரை மணிக்குக் காரணம் காற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

நேர வித்தியாசம் தெரியாத ஊர்களுக்கும் பயன்படும் ஒரு வழி எங்கள் வேலையில் உண்டு. போகும் பயணத்தின் கடிகார நேரத்தையும் திரும்பும் பயணத்தின் கடிகார நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் கழிந்து, நேர மண்டலம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். உங்கள் எண்களில் ஏழரையும் நான்கும் பதினொன்றரை. பாதி ஐந்தே முக்கால். ஒரு வழிப் பயணத்தின் சராசரி அதுதான். இரண்டு பக்கமும் ஒரே வகை விமானம், ஒரே இடைநிறுத்தம் என்றால்தான் இது சரிவரும். இரண்டு பயணத்துக்கும் நடுவில் கோடை நேர மாற்றம் எதுவும் வந்துவிடவும் கூடாது.

ஐந்தே முக்கால் மணி என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றின. ஒன்று, விமானம் வழியில் நிற்கிறது. இரண்டு, அது ஜெட் இல்லை. பெரும்பாலும் ஏடிஆர் போன்ற, இறக்கையில் காற்றாடி சுழலும் டர்போப்ராப். முதலாவதைப் பயணத் திட்டத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம், ‘நிறுத்தம் 1’ என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டாவது என் ஊகம், ஆனால் கணக்கோடு பொருந்தும் ஊகம். விமான வகை டிக்கெட்டில் எழுதியிருக்கும், பார்த்துவிடுங்கள்.

இந்தத் தடத்தில் நிற்பதற்கு இயல்பான ஊர் ராங்கின் இன்லெட். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், இரண்டு ஊர்களுக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவே இருக்கிறது. யெல்லோநைஃபிலிருந்து அங்கே சுமார் 1,140 கிலோமீட்டர், அங்கிருந்து இக்கலுயிட்டுக்குச் சுமார் 1,180. மொத்தம் 2,320. நேர்வழியைவிட 50 கிலோமீட்டர்தான் கூடுதல். இவ்வளவு தோதான இடத்தில் ஓர் ஊர் அமைவது வடக்கில் அபூர்வம். தூரத்தில் இந்த நிறுத்தம் எதையும் இழக்கச் செய்யவில்லை, இழப்பு நேரத்தில்தான். மீண்டும் ஒரு இறக்கம், மீண்டும் ஒரு ஏற்றம், தரையில் முக்கால் மணி.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஏடிஆர் வகை விமானம் 280 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,250 கடல் மைலுக்கு நாலரை மணியை ஒட்டி வரும். இரண்டு முறை ஏறி இறங்குவதற்கு இருபது முப்பது நிமிடம், ராங்கின் இன்லெட்டில் முக்கால் மணி. ஐந்தே முக்கால் கிடைத்துவிட்டது. இதே வழியில் 737 போனால் அதே நிறுத்தத்தோடு நான்கு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

நிற்காமல் போனால் என்ன என்று கேட்கலாம். ஏடிஆர் 42 போன்ற விமானம் இருக்கைகளை நிரப்பிக்கொண்டு 2,270 கிலோமீட்டரை ஒரே மூச்சில் தாண்டாது. ஜெட் தாண்டும். ஆனால் ராங்கின் இன்லெட்டில் ஏறவும் இறங்கவும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இக்கலுயிட்டும் ராங்கின் இன்லெட்டும் இருக்கும் நுனாவுட் பிரதேசத்தில் எந்த ஊருக்கும் அடுத்த ஊரோடு சாலைத் தொடர்பு கிடையாது. கோடையை ஒட்டிய சில மாதங்கள் கப்பல் வரும். மற்றபடி மருத்துவமனைக்குப் போகிறவர், பள்ளி ஆசிரியர், பால், முட்டை, தபால் எல்லாம் விமானத்தில்தான் வர வேண்டும். அதனால் அங்கே பயணிகளும் சரக்கும் விமானத்தின் ஒரே தளத்தில் போவது சகஜம். முன்பகுதியில் சரக்கு, ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் இருக்கைகள். பயணிகள் வால் பக்கக் கதவு வழியாக ஏறுவார்கள். தம்பி முதல்முறை போகிறார் என்றால் இதைச் சொல்லிவையுங்கள், முன்கதவைத் தேட வேண்டாம். ராங்கின் இன்லெட்டில் விமானம் நிற்கும் முக்கால் மணியில் பெரும்பகுதி இந்தச் சரக்கை இறக்கி ஏற்றுவதில்தான் போகும்.

காற்றுக்கு வருகிறேன். இங்கிருந்துதான் உறுதி குறையத் தொடங்குகிறது. இந்த அட்சரேகைகளில் மேலே வீசும் காற்று பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகப் போகும். அதனால் இக்கலுயிட் போகும்போது பின்காற்று, திரும்பும்போது எதிர்காற்று. அட்டவணை போடுகிறவர்கள் பல ஆண்டுக் காற்றின் சராசரியை எடுத்துக்கொண்டு நேரம் நிர்ணயிப்பார்கள். உங்கள் தம்பியின் அட்டவணையில் தெரியும் அரை மணி வித்தியாசம், ஒரு டர்போப்ராப்புக்கு ஏறத்தாழ 15 நாட் சராசரிக் காற்று என்று பொருள்படும். அது சராசரி. ஒரு குறிப்பிட்ட நாளில் காற்று எதிர்த்திசையிலும் இருக்கலாம், 50 நாட்டிலும் வீசலாம். நேராகப் பறக்கும் ஒரு ஜெட்டுக்கு 50 நாட் பின்காற்று கிடைத்தால் மேலே செலவாகும் நேரம் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு இறங்கும். அதே காற்று எதிரே வந்தால் மூன்றேகால் மணிக்கு ஏறும். ஒரே தூரம், ஒரே விமானம், நாற்பது நிமிட வித்தியாசம். மெதுவாகப் போகும் விமானத்தை அதே காற்று இன்னும் அதிகமாகப் பாதிக்கும், ஏனென்றால் அது காற்றின் பிடியில் அதிக நேரம் இருக்கிறது. எந்த நாளில் எவ்வளவு என்பதை இரண்டு மூன்று நாள் முன்புவரை யாரும் பொறுப்போடு சொல்ல முடியாது.

அட்டவணையில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு அசைந்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நொடிவரைக்குமான நேரம் அது. குளிர்காலத்தில் இறக்கையில் உறைந்திருக்கும் பனியை, சூடாக்கிய திரவத்தைப் பீய்ச்சி அகற்றிய பிறகுதான் கிளம்ப வேண்டும். இறக்கை மேலே உப்புத்தூள் அளவுக்குப் பனி ஒட்டியிருந்தாலும் தூக்கும் விசை குறையும் என்பதால் இதில் யாரும் சலுகை தரமாட்டார்கள், தரவும் கூடாது. திரவம் தெளித்த பிறகும் பனி பெய்துகொண்டிருந்தால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் மேலே ஏறியாக வேண்டும். தவறினால் மறுபடி தெளிப்பு. இதெல்லாம் சேர்ந்து அரை மணியை விழுங்கிவிடும்.

இதற்கெல்லாம் மேலே நிற்பது வானிலை. இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதுதான் தம்பியின் பயணத்தை முடிவு செய்யும். எரிபொருள் கணக்கு போடும்போது இக்கலுயிட் வரைக்கும் மட்டும் போட முடியாது. அங்கே இறங்க முடியாமல் போனால் போக வேண்டிய மாற்று விமான நிலையம் வரைக்கும் போட வேண்டும். அதன்பின் ஜெட்டுக்கு 30 நிமிடம், காற்றாடி விமானத்துக்கு 45 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. பெருநகரங்களுக்கு மாற்று நிலையம் பெரும்பாலும் அவ்வளவு தூரத்தில் இருக்காது. இக்கலுயிட்டுக்குத் தெற்கே கியூபெக்கில் இருக்கும் கூஜுவாக்கை எடுத்துக்கொண்டால் அது 630 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இவ்வளவு எரிபொருளைச் சுமந்தால் பயணிகளுக்கும் சரக்குக்கும் இடம் குறைகிறது. இக்கலுயிட்டிலும் அந்த மாற்று நிலையத்திலும் ஒரே நேரத்தில் வானிலை மோசமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் விமானம் கிளம்பவே கிளம்பாது. ராங்கின் இன்லெட்டைச் சுற்றி மரம் ஒன்றுகூடக் கிடையாது. வடமேற்குக் காற்று வலுத்தால் தரையில் கிடக்கும் பனியையே கிளப்பி ஓடுபாதையை மறைத்துவிடும். மேலே வானம் தெளிவாக இருக்கும், கீழே ஓடுபாதை விளக்கு தெரியாது. அப்படிப்பட்ட நாளில் ஜெட் என்றால் ராங்கினைத் தாண்டிப் போய்விடலாம், இல்லையென்றால் விமானம் யெல்லோநைஃபுக்கே திரும்பலாம், மறுநாளுக்கும் தள்ளிப்போகலாம். நான் பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் குளிர்கால நாட்களில் முதலில் பார்த்தது தூரத்தையோ காற்றையோ அல்ல. மாற்று நிலையத்தின் வானிலை அறிக்கையைத்தான்.

இந்த விமானம் ரத்தானால் வேறு வழி உண்டா? உண்டு. அதைக் கேட்டால் ‘தூரம்’ என்ற உங்கள் முதல் கேள்வியின் வேறொரு முகம் தெரியும். வடக்கின் விமானத் தடங்கள் கிழக்கு மேற்காக ஓடுவது குறைவு. பெரும்பாலும் ஒவ்வொரு வடக்கு ஊரும் தனக்கு நேர் தெற்கே இருக்கும் பெருநகரத்தோடுதான் இணைந்திருக்கிறது. யெல்லோநைஃபுக்கு எட்மண்டன், இக்கலுயிட்டுக்கு ஒட்டாவா. ஆகவே மாற்று வழி யெல்லோநைஃபிலிருந்து எட்மண்டன், சுமார் 1,020 கிலோமீட்டர். எட்மண்டனிலிருந்து ஒட்டாவா, சுமார் 2,860. ஒட்டாவாவிலிருந்து இக்கலுயிட், சுமார் 2,100. மொத்தம் கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர், நேர்வழியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பறக்கும் நேரம் மட்டும் எட்டரை மணி நேரம் வரும். இணைப்புகளுக்குக் காத்திருப்பதையும் கூட்டினால் பெரும்பாலும் ஓர் இரவு எங்காவது தங்க வேண்டியிருக்கும். ஆனாலும் குறுக்கு விமானம் வாரத்தில் சில நாட்களே இருக்கும்போது, அவசரத்துக்கு இந்த நீள வழியே முன்னதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உண்டு. எந்த நிறுவனம் எந்தக் கிழமையில் பறக்கிறது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வடக்குத் தடங்களில் அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள்ளேயே பழசாகிவிடலாம். நிறுவனத்தின் தளத்தில் பயணத் தேதியைப் போட்டுப் பார்ப்பதே சரி.

தம்பிக்காக என்ன செய்யலாம் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். பயணத்தை ஐந்தரையிலிருந்து ஆறு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அழைத்துவர வருகிறவருக்கு உள்ளூர் நேரம் மாலை 4.30 என்று மட்டும் சொல்லுங்கள், ‘இத்தனை மணி நேரப் பயணம்’ என்று சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். வேலையில் சேரும் நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக அவர் போய்ச் சேரும்படி டிக்கெட் இருக்கட்டும். அக்டோபர் முதல் மே வரையான பயணம் என்றால் மூன்று நாள் என்றாலும் மிகை இல்லை. இக்கலுயிட்டிலிருந்து அவர் மேலும் ஒரு சிற்றூருக்குப் போக வேண்டும் என்றால் இரண்டு பயணங்களையும் ஒரே டிக்கெட்டில் வாங்குவது நல்லது. தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது மறுபடி பணம் கட்ட வேண்டிவரும். மருந்து, கண்ணாடி, கனமான குளிர் அங்கி, இரண்டு நாளுக்கான உள்ளாடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். எடை அதிகமான நாளில் பயணி ஒரு விமானத்திலும் அவருடைய பெட்டி அடுத்த விமானத்திலும் வருவது அங்கே நடக்கக்கூடியதுதான். ராங்கின் இன்லெட்டில் நிற்கும்போது இறங்கிக் கால் நீட்ட அனுமதிப்பார்களா என்பது அன்றைய பணியாளர்களின் முடிவு. இறங்கச் சொன்னால் அங்கியைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும், விமானம் நிற்கும் திறந்த தளத்தில் நடந்துதான் கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.